கர்த்தருக்கென்று செய்யும் வேலை: ஓர் இணையவழிப் பாடத்திட்டத்தின் மதிப்புரை

விசுவாசத்தையும் அன்றாட வேலையையும் ஒன்றாக வைத்துப் பேசும் இணையவழிப் பாடத்திட்டம் ஒன்றை அண்மையில் முழுமையாகப் படித்து முடித்தேன். எட்டுப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காணொளி, எழுதி நிரப்ப வேண்டிய பயிற்சி ஏடு, வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பேசும் இணையச் சந்திப்பு, எழுதியதைப் படித்துப் பதில் அனுப்பும் ஒரு வழிகாட்டி என்பதே இதன் அமைப்பு. நடத்துகிறவர்களின் பெயரை இங்கே சொல்லவில்லை. நிறைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருக்கிறது. மேலும், இதே பொருளில் பல பாடத்திட்டங்கள் நடந்துவருவதால், அவற்றில் எதில் சேர நினைப்பவருக்கும் இந்த மதிப்புரை பயன்பட வேண்டும் என்று விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாரும் பார்க்காத வேலையை எப்படிச் செய்வது என்பதைக் கற்றுக்கொடுப்பதில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் கண்டதில்லை, ஆனால் வேலையை எப்போது நிறுத்துவது, உழைப்பவருக்கு நியாயம் செய்ய வேண்டியவர் யார் என்ற இரண்டு கேள்விகளில் இது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

முதல் பாடம் எல்லோரும் எதிர்பார்க்கக்கூடிய இடத்தில், ஏதேனில், தொடங்குகிறது. மனிதனைத் தோட்டத்தில் வைத்த கர்த்தர் அதைப் பண்படுத்தவும் காக்கவும் வைத்தார் என்பது ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம்; முள்ளும் குருக்கும் நெற்றி வியர்வையும் வருவது மூன்றாம் அதிகாரம். ஆகவே வேலை சாபத்தின் விளைவு அல்ல, சாபம் வேலையின்மேல் வந்து விழுந்தது என்ற வரிசை இங்கே நன்றாக விளக்கப்படுகிறது. சபைப் பிரசங்கங்களில் இதைப் பலமுறை கேட்டிருப்பவர்கள் இந்தக் காணொளியைச் சற்று விரைவாகக் கடந்துவிடலாம்.

இரண்டாம் பாடத்தில்தான் பாடத்திட்டம் தன் சொந்தக் குரலைக் கண்டடைகிறது. அது, இஸ்ரவேலர் தேவனை ஆராதிக்க அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்ய நியமிக்கப்பட்ட பெசலெயேலைப் பற்றியது. தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவர் என்று வேதாகமம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் முதல் மனிதர் ஒரு தீர்க்கதரிசியோ ஆசாரியரோ அல்ல, பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கல்லை இழைக்கவும், மரத்தைச் செதுக்கவும் தெரிந்த ஒரு கைவினைஞர் என்பதை யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்திலிருந்து காட்டுகிறார்கள். அதோடு நிற்காமல், 35ஆம் அதிகாரத்துக்குச் சென்று, அவருக்கும் அவரோடு வேலைக்கு நியமிக்கப்பட்ட அகோலியாபுக்கும் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் மனமும் கொடுக்கப்பட்டது என்ற வரியையும் எடுத்து வைக்கிறார்கள். திறமை என்பது தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும் சொத்து அல்ல, அதைப் பக்கத்தில் நிற்பவரின் கைக்கு மாற்றிக் கொடுப்பதும் அந்த வரத்திலேயே அடங்கியது என்று இந்தப் பாடம் நிறுவும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொழில் தெரிந்த மூத்தவர்கள் நுணுக்கத்தை மறைத்து வைத்துக்கொள்வதைப் பல வேலையிடங்களில் பார்க்கிறோம். அதைப் பாவமாக யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்று இந்தப் பாடம் பணிவோடு சொல்கிறது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகலுக்கு இடம் கேட்கிறேன். சபை வட்டாரங்களில் ‘ஊழியம்தானே, மனம்தான் முக்கியம்’ என்ற ஒரு சமாதானம் உண்டு. பாட்டுத்தாளில் எழுத்துப்பிழை, கரகரக்கும் ஒலிபெருக்கி, குறித்த நேரத்துக்குத் தொடங்காத கூட்டம், இரவோடு இரவாக ஒப்பேற்றிய பிரசங்கம் ஆகிய அனைத்துக்கும் அந்த ஒரே வாக்கியம் போர்வையாகப் பயன்படுகிறது. ஊனமான மிருகத்தைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்து, அதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், அவன் உன்மேல் பிரியமாயிருப்பானோ என்று மல்கியாவின் முதல் அதிகாரம் கேட்கும் கேள்வி இந்தப் பழக்கத்தை நேராகத் தொடுகிறது. பாடத்திட்டம் மல்கியாவைக் குறிப்பிடவில்லை. ஆனால் அதை நடத்துகிறவர்கள் அந்தக் கேள்வியை அறிந்தவர்கள் என்பது அவர்கள் தயாரித்துக் கொடுத்திருக்கும் பொருளிலேயே தெரிகிறது. காணொளிகளில் ஒலி தெளிவாக இருக்கிறது. செவித்திறன் குறைந்தவர்களுக்காகத் திரையின் அடியில் ஓடும் எழுத்து, பேசப்படும் சொல்லோடு பிசகாமல் ஒத்துப்போகிறது. பயிற்சி ஏட்டில் விடை எழுதுவதற்கு விட்டிருக்கும் இடம், மனிதர்கள் உண்மையில் எழுதக்கூடிய அளவுக்குப் போதுமானதாக இருக்கிறது. நான்காம் பாடத்தில் ஒரு வசன எண் தவறாக அச்சாகியிருந்ததைச் சுட்டிக்காட்டி எழுதியபோது, திருத்திய பக்கத்தோடு, எது தவறாக இருந்தது, யார் யாருக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே போயிருக்கிறது, அவர்களுக்கும் தெரிவிக்கப்பட்டுவிட்டது என்ற விவரம் அடங்கிய குறிப்பும் உடனே வந்தது. கடும் உழைப்பைப் பற்றிப் போதிக்கிறவர்கள் இந்தச் சோதனையில் தேறியது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தந்தது.

மூன்றாம் பாடமே இந்தப் பாடத்திட்டத்தின் இருதயம் என்பேன். கொலோசெயர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், ‘பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்’ என்றும், ‘எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்’ என்றும் பவுல் எழுதுவதை இது எடுத்துக்கொள்கிறது. மேலோட்டமான ஊக்கப்பேச்சாக இதைச் சுருக்கிவிடுவது எளிது. இவர்கள் அப்படிச் செய்யாமல் ஒரு பயிற்சியைக் கொடுக்கிறார்கள். உங்கள் வேலையில் எவரும் சரிபார்க்காத ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள்; அதைச் செய்யும்போதே ஒவ்வொரு படியையும் எழுதுங்கள்; வழக்கமாக எந்தப் படியில் கை தளர்கிறதோ அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள்; ஒரு வாரம் முழுவதும் அந்தப் படியைத் தவிர்க்காமல் செய்து, அதற்கு எவ்வளவு நேரம் கூடுதலாக ஆயிற்று, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்தப் பயிற்சி, ‘நான் நன்றாகத்தான் உழைக்கிறேன்’ என்ற பொதுவான எண்ணத்தைக் கலைத்து, எந்தப் படியில், எந்த நேரத்தில் என்று கேட்டுவிடுகிறது.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன் என்பதால், மாத முடிவில் வங்கி அறிக்கையையும் நம் ஏட்டையும் ஒப்பிட்டுத் தயாரிக்கும் சரிக்கட்டும் பட்டியலை எடுத்துக்கொண்டேன். பெரிய வேறுபாடுகள் எளிதில் கண்ணில் படும். அவற்றைத் தேடாமல் யாரும் விடமாட்டார்கள். கை தளரும் இடம் சிறிய தொகைகளில்தான். எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மொத்தங்களையும் ஒப்பிடும் இருப்பாய்வில் இரு பக்கமும் 54 என்ற அளவில் ஒத்துப்போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். காரணம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அதில் அந்த 54ஐத் தூக்கிப் போட்டுவிட்டால் இரு பக்கமும் சமமாகிவிடும், அறிக்கை குறித்த நேரத்தில் போய்ச் சேரும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் 54 என்பது ஒன்பதால் மீதியின்றி வகுபடும் எண். வேறுபாடு ஒன்பதால் வகுபட்டால் ஏதோ ஓரிடத்தில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் அனைவரும் அறிந்த குறிப்பு; 6,382 என்பதை 6,328 என்று பேரேட்டில் ஏற்றியிருந்தால் சரியாக 54 குறையும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு பேரேட்டின் பக்கங்களைத் திரும்பப் புரட்டுவதா, அனாமத்தில் போட்டுவிட்டு எழுந்து போவதா என்ற முடிவு அலுவலகத்தில் யார் கண்ணுக்கும் தெரியாமல் எடுக்கப்படுகிறது. கொலோசெயர் மூன்றாம் அதிகாரம் அந்த மேசைக்கு வருகிறது என்பதை இந்தப் பயிற்சி எனக்குக் காட்டியது. இலக்கம் மாறிய அந்த வரியின் மறுமுனையில், செலுத்திய தொகை குறைவாகப் பதிவான ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். நாளைக்கு நிலுவை என்று கடிதம் போவது அவருக்குத்தான். வேலையைக் கர்த்தருக்கென்று செய்வது பக்தியான ஓர் உணர்வோடு முடிந்துவிடுவதில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு அநியாயம் நேராமல் காப்பதும் அதுவே.

குழுச் சந்திப்பில் மற்றவர்கள் எடுத்துக்கொண்ட வேலைகளைக் கேட்டது இன்னும் பயனுள்ளதாக இருந்தது. தையல் தொழில் செய்யும் ஒருவர், ஆடையின் உள்புறத்தில் தையல் விளிம்புகள் பிசிறாமல் ஓரம் அடிப்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார். மென்பொருள் சோதனை செய்யும் ஒருவர், முந்தைய பதிப்பில் சரியாக ஓடிய பகுதிகளை மறுபடியும் ஓட்டிப் பார்க்காமலே ‘சரி’ என்று குறித்துவிடும் பழக்கத்தைப் பற்றிப் பேசினார். இரவுப் பணி பார்க்கும் ஒரு செவிலியர் சொன்னது எல்லோரையும் அமைதியாக்கியது. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். நள்ளிரவுக்குப் பிறகு, மாற்றாமலே மாற்றியதாக நேரம் குறித்துக் கையெழுத்திட்டுவிடுவது எவ்வளவு எளிது என்பதை அவர் மறைக்காமல் சொன்னார். பயிற்சி வாரத்தில் ஒருமுறைகூட அப்படிச் செய்யவில்லை என்றும், ஆனால் இரண்டு வார்டுகளுக்குத் தான் ஒருவரே இருப்பதால் விடியும்போது நிற்க முடியவில்லை என்றும் சொல்லி நிறுத்தினார். அவர் சொன்னதற்குப் பின்னால் மீண்டும் வருகிறேன்.

நான்காம் பாடம் திறமையை வளர்த்துக்கொள்வதைப் பற்றியது. ‘தன் வேலையில் ஜாக்கிரதையாயிருக்கிற மனுஷனை நீ கண்டால், அவன் நீசருக்கு முன்பாக நில்லாமல், ராஜாக்களுக்கு முன்பாக நிற்பான்’ என்ற நீதிமொழிகள் 22ஆம் அதிகார வசனத்தையும், பாபிலோனில் மூன்று ஆண்டுகள் அந்நிய எழுத்தையும் மொழியையும் கற்ற தானியேலையும் அவர் தோழரையும் எடுத்துக்கொண்டு, ஜெபிப்பவர் படிப்பைத் தவிர்க்கக் கூடாது என்று வலியுறுத்துகிறது. தானியேலிடத்தில் குற்றம் கண்டுபிடிக்கத் தேடிய அதிகாரிகளுக்கு அவருடைய அலுவலில் ஒரு தவறும் கிடைக்கவில்லை, கடைசியில் அவருடைய ஜெபத்தைத்தான் குற்றமாக்க வேண்டியிருந்தது என்று ஆறாம் அதிகாரத்தைச் சொல்லி முடிக்கும் இடம் சிறப்பானது. ஐந்தாம் பாடம் கூடாரம் செய்த பவுலைப் பற்றியது. அப்போஸ்தலர் 18, 1 தெசலோனிக்கேயர் 2 ஆகியவற்றை ஒட்டிச் செல்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை, புதிதாகவும் ஒன்றுமில்லை.

வரலாற்றைப் பேசும் ஏழாம் பாடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்தகைய பாடத்திட்டங்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான். கிறிஸ்தவச் செருப்புத் தைப்பவர் காலணியில் சிலுவை போடுவதால் அல்ல, நல்ல காலணி செய்வதால்தான் தன் கடமையைச் செய்கிறார் என்று மார்ட்டின் லூத்தர் சொன்னதாக ஒரு வாசகம் எங்கும் சுற்றி வருகிறது. அதை அவர் எழுதியதாக ஆதாரம் கிடைக்கவில்லை. இந்தப் பாடம் அந்த வாசகத்தைத் தவிர்த்துவிட்டு, 1520இல் அவர் ஜெர்மானிய பிரபுக்களுக்கு எழுதியதில் உள்ள கருத்தை எடுத்து விளக்குகிறது: செருப்புத் தைப்பவரும் கொல்லரும் உழவரும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டே, குருக்களைப் போலவே தேவனுக்கென்று பிரதிஷ்டை செய்யப்பட்டவர்களாக இருக்கிறார்கள்; ஒவ்வொருவரும் தம் தொழிலால் மற்றவருக்குப் பயன்பட வேண்டும். மேற்கோளைச் சரிபார்ப்பதும் கடும் உழைப்பில் சேர்ந்தது என்பதால் இந்தக் கவனத்தைத் தனியாகப் பாராட்டுகிறேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் (1685–1750) தம் இசைப் படிகளின் தொடக்கத்தில் ‘இயேசுவே, உதவும்’ என்பதற்கும் முடிவில் ‘தேவனுக்கே மகிமை’ என்பதற்கும் உரிய லத்தீன் முதலெழுத்துகளைக் குறித்து வந்ததையும், லைப்சிக்கில் பொறுப்பேற்ற முதல் ஆண்டுகளில் ஏறக்குறைய வாரம் ஒரு ஆலயப் படைப்பு என்ற அளவில் அவர் எழுதிக் குவித்ததையும் சேர்த்தே சொல்கிறார்கள். அந்த முதலெழுத்துகளைப் பற்றி மட்டும் பேசி உழைப்பின் அளவை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பெனடிக்டின் துறவற ஒழுங்கைப் பற்றிய பகுதி. மடத்தின் பொருள்களைக் காப்பவர் எல்லாக் கருவிகளையும் பலிபீடத்தின் பரிசுத்த பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும் என்று அதன் 31ஆம் அதிகாரம் சொல்கிறது. மண்வெட்டியும் வாளியும் அந்த வரிசையில் வந்துவிடுகின்றன. அதே ஒழுங்கின் 57ஆம் அதிகாரம் மடத்துக் கைவினைஞர்களைப் பற்றியது. தம் கைத்திறனால் மடத்துக்கு ஏதோ நன்மை செய்வதாக எண்ணி ஒருவர் பெருமை கொண்டால், அவரை அந்தத் தொழிலிலிருந்து விலக்கிவிட வேண்டும். அவர் தம்மைத் தாழ்த்திய பிறகு, தலைவர் மறுபடி கட்டளையிட்டால் மட்டுமே அவர் அதற்குத் திரும்பலாம். திறமையைவிட அந்தத் திறமையாளரின் ஆத்துமா பெரியது என்று நினைத்தால் மட்டுமே இப்படி ஒரு விதி எழுத முடியும். எந்த நிறுவனமும் தன் மிகச் சிறந்த பணியாளரை இந்தக் காரணத்துக்காக அவருடைய இருக்கையிலிருந்து எழுப்பாது. சிறந்து விளங்க வேண்டும் என்று எட்டுப் பாடங்களில் சொல்லும் ஒரு திட்டம், சிறப்பே ஒருவரைக் கெடுக்கக்கூடும் என்பதை இந்த ஒரு அதிகாரத்தின் வழியாக ஒத்துக்கொள்வது அதன் நேர்மையைக் காட்டுகிறது.

அந்த நேர்மை ஆறாம் பாடத்தில் தொடரவில்லை என்பதே என் முதல் குறை. மத்தேயு 25இல் உள்ள தாலந்துகளின் உவமையை அடிப்படையாகக் கொண்ட இந்தப் பாடம், பெற்றதைப் பெருக்காதவன் புறம்பான இருளில் தள்ளப்பட்டான் என்ற எச்சரிக்கையை மிகுந்த அழுத்தத்தோடு சொல்கிறது. எச்சரிக்கை வேதத்தில் இருப்பதுதான். ஆனால் அதே சுவிசேஷத்தில் ஐந்து அதிகாரங்களுக்கு முன்னால், பகலின் பாரத்தையும் வெயிலையும் சகித்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கும் திராட்சத்தோட்டத்து எஜமானும் இருக்கிறார். இந்த இரண்டு உவமைகளையும் ஒன்றாக வைத்துப் படிக்காதவர், தன் உழைப்பின் அளவைக் கொண்டே தேவனுக்கு முன்பாகத் தன் மதிப்பை அளக்கத் தொடங்கிவிடுவார். உழைப்பையும் கிருபையையும் ஒரே மூச்சில் சொல்ல பவுலுக்குத் தெரிந்திருந்தது: ‘அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது’ என்று 1 கொரிந்தியர் 15இல் எழுதுகிறார். எபேசியர் நிருபமும் கிரியைகளினால் அல்ல என்று சொன்ன உடனேயே, நற்கிரியைகளைச் செய்வதற்கென்று சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று தொடர்கிறது. அந்த வரிசையை மாற்றினால் கடும் உழைப்பு நன்றியின் வெளிப்பாடாக இருப்பது நின்று, தண்டனைக்கு அஞ்சிச் செலுத்தும் கப்பமாகிவிடும். பயிற்சி ஏட்டின் ஆறாம் பாடக் கேள்விகளில் கிருபை என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. அதை எழுதியவர்கள் கிருபையை நம்பாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் அது சொல்லப்படவில்லை, அவ்வளவே. சோர்ந்திருக்கும் ஒருவர் அந்தப் பக்கத்தைத் தனியாக அமர்ந்து நிரப்பும்போது இந்த விடுபடல் காயப்படுத்தும்.

இரண்டாவது குறை ஓய்வைப் பற்றியது. பெசலெயேலைப் பற்றி அவ்வளவு நன்றாகப் பேசிய இரண்டாம் பாடம் யாத்திராகமம் 31இன் 11ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அடுத்த வசனத்திலிருந்து 17ஆம் வசனம் வரை அந்த அதிகாரம் ஓய்வுநாளைப் பற்றியது! ஆசரிப்புக் கூடாரத்தைவிடப் பரிசுத்தமான கட்டுமான வேலை அந்த ஜனங்களுக்கு இல்லை. அந்த வேலைக்கான ஆள்களை நியமித்த அதே மூச்சில், ஏழாம் நாளில் அதையும் நிறுத்துங்கள் என்று கர்த்தர் சொல்கிறார். இன்னும் சில அதிகாரங்கள் தள்ளி 36இல், தேவைக்கு மேல் காணிக்கை வந்து குவிகிறது என்று வேலையாட்கள் சொன்னதும், இனி ஒருவரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் எங்கும் கூறச் செய்கிறார். போதும் என்று சொல்லத் தெரிந்திருப்பதும் நல்ல வேலையின் அடையாளம் என்பதற்கு இதைவிடச் சிறந்த இடம் கிடைக்காது. இரண்டாம் பாடத்தோடு இன்னும் பத்து நிமிடம் சேர்த்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். முடிந்த அளவு சம்பாதியுங்கள் என்று பணத்தைப் பற்றிய பிரசங்கத்தில் சொன்ன ஜான் வெஸ்லிகூட (1703–1791), உயிருக்கோ உடல்நலத்துக்கோ கேடு வரும்படி சம்பாதிக்கக் கூடாது என்று அதே இடத்தில் வரம்பு கட்டினார்.

இப்போது அந்தச் செவிலியரிடம் திரும்புகிறேன். இரண்டு வார்டுகளுக்கு ஒருவர் என்ற ஏற்பாட்டில் எப்படிக் கர்த்தருக்கென்று வேலை செய்வது என்று அவர் கேட்டதற்கு, பலத்துக்காக ஜெபியுங்கள், உங்களால் முடிந்ததைச் சிறப்பாகச் செய்யுங்கள் என்று வழிகாட்டி பதில் எழுதினார். அன்போடு எழுதப்பட்ட பதில்தான். ஆனால் அது அவருக்குப் போதவில்லை, எங்கள் குழுவில் இருந்த மற்றவர்களுக்கும் போதவில்லை. கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தின் அந்த வசனத்தை முதன்முதலில் கேட்டவர்களில் அடிமைகள் இருந்தார்கள். சம்பள உயர்வுக்காகவோ பாராட்டுக்காகவோ உழைக்கும் வாய்ப்பே இல்லாதவர்கள் அவர்கள். அந்த நிருபம் தீகிக்குவோடு சேர்த்து ஒநேசிமுவையும் அனுப்புவதாகச் சொல்கிறது. பிலேமோனின் வீட்டில் அடிமையாக இருந்தவர் அவர். அப்படிப்பட்டவர்கள் கூடியிருந்த சபையில், வேலைக்காரருக்குரிய வரிகள் முடிந்ததும் நிருபம் மறுபக்கம் திரும்புகிறது: ‘எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்.’ அதிகாரப் பிரிப்பு பின்னாளில் வந்தது. நான்காம் அதிகாரத்தின் முதல் வசனம் மூன்றாம் அதிகாரத்தின் பேச்சையே தொடர்கிறது. பாடத்திட்டம் அந்த எல்லையைத் தாண்டவேயில்லை. அறுப்பு அறுத்தவர்களின் கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபு ஐந்தாம் அதிகாரமும், வைக்கோல் கொடுக்காமல் செங்கல் கணக்கை மட்டும் கேட்ட பார்வோனும் எட்டுப் பாடங்களில் எங்கும் இல்லை. உழைப்பவரிடம் மட்டும் பேசி, உழைப்பை வாங்குபவரிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டால், நல்ல போதனைகூட வைக்கோல் தராத மேற்பார்வையாளரின் கையில் ஒரு கோலாகிவிடும். நடத்துகிறவர்களின் நோக்கம் அதுவல்ல என்று உறுதியாக நம்புகிறேன். அதனாலேயே இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

எட்டாம் பாடம் ஒவ்வொருவரும் தம் வேலைக்கென்று ஓர் உறுதிமொழியைத் தயாரிப்பது. உதவிகரமான படிவம், சற்று நீளம் அதிகம். நிறைவுச் சான்றிதழ் உண்டு. அது ஒரு தகுதிச் சான்று அல்ல என்பதை அதிலேயே அச்சிட்டிருப்பது நல்லது. வழிகாட்டிகளின் பதில்கள் பொதுவாகக் குறித்த நேரத்தில் வருகின்றன. எழுதியதை உண்மையாகவே படித்திருக்கிறார்கள் என்பது பதிலைப் பார்த்தாலே தெரியும். குழுச் சந்திப்பில் பேச விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளையவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் திங்கட்கிழமை மேசைக்கும் தொடர்பில்லாமல் பல ஆண்டுகளைக் கடத்திவிட்டதாக உணர்பவர்களுக்கும் அப்படியே. ஏற்கெனவே அளவுக்கு மீறி உழைத்து உடம்பு நொந்திருப்பவர்கள் ஆறாம் பாடத்தைத் தவிர்த்துவிட்டு, அந்த வாரத்தில் மத்தேயு 20ஐயும், தமக்குப் பிரியமானவனுக்கு அவரே நித்திரை அளிக்கிறார் என்ற 127ஆம் சங்கீதத்தையும் படிக்கலாம். ஏழாம் பாடத்துக்கு அதனால் எந்த இடையூறும் வராது. சபைகள் குழுவாக நடத்த விரும்பினால், தொழிலாளர்களை மட்டும் ஒரு குழுவாகச் சேர்க்காமல், அதே சபையில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களையும் அதே சந்திப்பில் உட்கார வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் மூன்றாம் பாடத்தின் பயிற்சியைத் தங்கள் பணியாளரின் வேலைக்குச் செய்து பார்க்க வேண்டாம். தாங்களே தயாரித்து, எவரும் சரிபார்க்காமல் ஒட்டப்படும் பணிநேர அட்டவணையை எடுத்துக்கொள்ளட்டும். இரவு இரண்டு மணிக்கு எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்களில் யார் கடைசியாக எப்போது முழு நாள் ஓய்வெடுத்தார், கூடுதல் நேரத்துக்கு உரிய கூலி எந்தத் தேதியில் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொரு படியாக எழுதி, கை தளர்ந்த இடத்தில் கோடு போட்டு, அந்த ஏட்டை அதே வழிகாட்டிக்கு அனுப்பட்டும்.